சித்தோபோனோவில் ஒரு தேர்தல் உரை

சனம் ஒரு மனிதனுக்கு மனதாரக் கைதட்டுவது இரண்டு தரம். மேடையில் ஏறும்போது ஒன்று, இறங்கிப் போகிறேன் என்று சொல்லும்போது மற்றது. முதலாவது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. இரண்டாவதில் நல்ல அனுபவம் உண்டு. தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் இத்தாலியின் பலெர்மோ நகரம் முழுக்க, பகேரியா வரைக்கும் ரயிலேறிப் போய், வீடு வீடாக அந்தக் கைதட்டலை வாங்கி வந்தவன் நான்.

அப்போது எனக்கு இருபத்தேழு வயது. பொலிதேயாமா தியேட்டருக்குப் பக்கத்தில் ஒரு ரெஸ்டாரண்டில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். (ஊருக்கு எழுதும்போது 'ஹோட்டல் நிர்வாகம்' என்று எழுதுவேன்.) தலை நிறைய முடியும் அதற்குக் கீழே நிறைய அபிப்பிராயங்களும் இருந்தன. இப்போது இரண்டும் கொட்டிவிட்டன.

அதோடு எனக்கு மஞ்சுளாவைப் பிடித்திருந்தது. ஒரேத்தோ தெருப் பக்கம் வாடகைக்கு இருந்த குகன் அண்ணையின் தங்கை அவள். காலையில் ஒரு பல் வைத்தியர் வீட்டிலும் பின்னேரம் இன்னொரு வீட்டிலும் மணித்தியாலக் கணக்கில் வேலை. இடையில் கிடைக்கிற நேரத்தில் யாராவது ஒரு அக்காவை ஆஸ்பத்திரிக்கோ, பெர்மெஸ்ஸோ என்ற வதிவிட அனுமதியைப் புதுப்பிக்கப் பொலிஸ் தலைமையகமான குவெஸ்தூராவுக்கோ கூட்டிக்கொண்டு போவாள். எங்களில் பலருக்கு இத்தாலியன் சந்தைக்கு மட்டும் போதுமான அளவு தெரியும். அவளுக்கு அதிகாரியோடு சண்டை பிடிக்கும் அளவுக்குத் தெரியும்.

ஒரு நண்பனை விட்டுக் குகன் அண்ணையிடம் கேட்பித்தேன். பதில் வந்தது.

"பொடியன் கெட்டவன் இல்லை. ஆனால் நாலு சனத்துக்கு முன்னாலை நிண்டு கதைக்கக்கூடிய ஒருத்தனுக்குத்தான் தங்கச்சியைக் குடுப்பன்."

மஞ்சுளா என்ன நினைக்கிறாள் என்று நான் கேட்பிக்கவில்லை. அப்படி ஒரு கேள்வி இருக்கிறது என்பதே அந்த வயதில் எனக்குத் தோன்றவில்லை.

நாலு சனத்துக்கு முன்னால் நிற்க ஒரு வழியும் கிடைத்தது. எங்கள் தமிழ்ச் சங்கத்துக்கு ஆண்டுதோறும் தலைவர் தேர்தல் நடக்கும். 'நடக்கும்' என்பது ஒரு மரியாதைக்குச் சொல்வது. தில்லையர் என்ற பெரியவர் ஒவ்வொரு ஆண்டும் போட்டியில்லாமல் தலைவராவார். சங்கத்துக்கென்று கோயிலடிப் பாதிரியார் தந்த ஒரு மண்டபம் உண்டு, அதன் சாவி தில்லையரின் காற்சட்டைப் பையில் இருக்கும். அவரும் கூட்டாளிகளும் முன்னூற்றிநாலு சீட்டு விளையாடும்போது மட்டும் மண்டபம் திறக்கும். பிள்ளைகளின் தமிழ் வகுப்பு நின்றுபோய்க் கன நாளாகிவிட்டது.

குகன் அண்ணைக்கு இது பொறுக்கவில்லை. 'மாற்றணி' என்று ஒரு கட்சி தொடங்கினார். முதற்கூட்டம் அவர் வீட்டில் நடந்தது. தலைவர் வேட்பாளராக யாரைப் போடலாம் என்று அவர் வாயெடுத்தார், நான் கையெடுத்தேன். வேறு யாரும் கையெடுக்கவில்லை. அதை நான் ஏகமனதான ஆதரவு என்று எடுத்துக்கொண்டேன்.

கணக்கு எளிதானது. வென்றால் தலைவர். தலைவரென்றால் மஞ்சுளா. தோற்றால் கோப்பையும் நானும்.

ஆனால் ஒரு சிக்கல். தேர்தல் வைத்திருந்தது வியாழக்கிழமை பின்னேரம். இத்தாலியில் வீட்டு வேலை செய்கிறவர்களுக்கு ஞாயிறை விட்டால் லீவு அந்த ஒரு பின்னேரம்தான். அதை யாரும் வாக்குப் போட்டு வீணாக்க விரும்பவில்லை. எங்கு போய்க் கேட்டாலும் "பாப்பம் தம்பி" என்றார்கள். (யாழ்ப்பாணத்தில் 'பாப்பம்' என்றால் 'வரமாட்டேன்'.) பகேரியாவில் ஒரு வில்லாவைப் பார்த்துக்கொண்டிருந்த மொரீஷியஸ்காரர், தமிழ் வம்சம், எங்கள் சங்கத்திலும் அங்கத்தவர். அவர் "வியாழன் நான் கார் கழுவுற நாள்" என்றார்.

எழுச்சி வேண்டும் என்று முடிவு செய்தேன். சனம் என்னிடம் வராவிட்டால் நான் சனத்திடம் போவேன். அவர்கள் வேலை செய்யும் வீடுகளுக்கே போவேன்.

பொலிதேயாமாப் பக்கத்து மாடிக் கட்டடங்களின் தெருக்கதவில் ஒரு பித்தளைத் தகடு இருக்கும். வீட்டுக்கு ஒரு பொத்தான், பக்கத்தில் வீட்டுக்காரரின் பெயர், மேலே பேசுவதற்குச் சின்ன ஓட்டைகள். அதுதான் சித்தோபோனோ. பொத்தானை அமத்தினால் மேலேயிருந்து "கி ஏ?", யாரது, என்று கேட்பார்கள். எங்கள் அக்காமார் வருடக்கணக்கில் அதே வீடுகளில் இருந்து, அதே இழுவையோடு "கி ஏ?" கேட்கப் பழகியிருந்தார்கள். ஆகவே யார் கேட்டாலும் அது எங்கள் ஆள்தான் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

நேரத்தையும் யோசித்துத்தான் தெரிந்தெடுத்தேன். மத்தியானச் சாப்பாடு முடிந்து, சட்டி பானை கழுவி, அக்காமார் கொஞ்சம் ஓய்ந்திருக்கும் நேரம். அந்த நேரத்தில் ஏன் ஓய்ந்திருக்கிறார்கள் என்றால் வீட்டுக்காரச் சிஞோரா நித்திரை கொள்கிறாள் என்பதால். அதுவரை என் யோசனை போகவில்லை.

மாற்றணியில் இருந்த புவனேஸ் அக்கா வேலை செய்த கட்டடத்தில் தொடங்கினேன். அதே கட்டடத்தில் எங்கள் ஆட்கள் வேறு மூன்று வீடுகளிலும் இருந்தார்கள். ஒவ்வொன்றாக அமத்தினால் பொழுது போய்விடும் என்று உள்ளங்கையால் ஒரு வரிசையையே சேர்த்து அமத்தினேன்.

"கி ஏ?" "கி ஏ?" என்று பல குரல்கள் வந்தன. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு கூட்டம் என் பேச்சுக்குக் காத்திருந்தது. தலைவன் தன் பெயரைச் சொல்லி அறிமுகம் செய்வதில்லை என்ற கொள்கையில், நேரே தொடங்கினேன்.

"அன்பார்ந்த தாய்மார்களே, பூட்டிக் கிடக்கும் கதவுகளை உடைத்தெறியும் நேரம் வந்துவிட்டது. சாவியை அவர்களாகத் தராவிட்டால் நாங்கள் பறித்தெடுப்போம்."

இதைச் சாதாரணக் குரலில் சொல்லவில்லை. தெருவில் வெஸ்பா போனதால் சத்தம் போட்டுச் சொன்னேன். மேலே ஏதோ அலறல் கேட்டது. அதை ஆரவாரம் என்று நினைத்து இன்னும் உயர்த்தினேன்.

அந்த ஆண்டுகளில் மாஃபியாவுக்குப் பயந்து, பலெர்மோவில் நீதிபதிகள் குடியிருக்கிற தெருக்களில் துவக்கோடு சிப்பாய்கள் காவல் நிற்பார்கள். அந்தத் தெருவிலும் நின்றார்கள். என் உரை தமிழ் வகுப்பை எட்டுவதற்கு முன்னர் இரண்டு பேர் எனக்கு இரண்டு பக்கமும் வந்து நின்றுவிட்டார்கள். நான்காம் மாடிப் பால்கனியில் இரவு உடுப்போடு ஒரு சிஞோரா நின்று, இவன்தான், இவன்தான் என்று என்னைச் சுட்டிக் கத்தினாள்.

என்ன செய்கிறாய் என்று சிப்பாய் கேட்டான். எனக்கு வந்த ஒரே இத்தாலியச் சொல் "பொலித்திகா". அரசியல் என்று அர்த்தம். அந்தத் தெருவில், அந்த நேரத்தில், அதைவிடப் பிழையான சொல்லைத் தேடினாலும் கிடைத்திராது. மற்றவன் என்னைச் சுவரோடு நிற்கச் சொன்னான்.

மொழிபெயர்க்கப் புவனேஸ் அக்காவைக் கீழே கூப்பிட்டார்கள். அக்கா கையில் சவர்க்கார நுரையோடு வந்தா. என்னைப் பார்த்ததும் அப்படியே திரும்பி மேலே போகப் பார்த்தா.

"அக்கா, நான் நேசன்."

"எனக்கு ஆரெண்டு தெரியாது," என்றா அக்கா, தமிழில்.

இவன் சொன்னதெல்லாம் என்ன என்று சிப்பாய் அவவைக் கேட்டான். புவனேஸ் அக்கா பொய் சொல்லத் தெரியாத மனுஷி. கதவை உடைப்பானாம், சாவியைப் பறிப்பானாம் என்று நேர்மையாக மொழிபெயர்த்தா. சிப்பாயின் முகம் மாறியதைப் பார்த்த பிறகுதான் பதறிப்போய், இவன் ஒரு மடையன், ஆனால் நல்ல பிள்ளை என்று சேர்த்தா. அந்த 'மடையன்' என்ற ஒரு சொல்லுக்காகத்தான் என்னை விட்டார்கள். என்னைப் பார்த்தவுடனே அதை அவர்கள் நம்பினார்கள்.

செய்தி எனக்கு முன்னால் ஒரேத்தோவுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. அந்தக் கட்டடத்து அக்காமாரை வாசலில் வந்து சந்திக்க இனி யாருக்கும் அனுமதி இல்லை என்று சிஞோராக்கள் உத்தரவு போட்டார்கள். வாக்குப் போடப் பஞ்சிப்பட்டுச் சோம்பியிருந்த சனம் இப்போது எனக்கு எதிராகப் போட ஆயத்தமாக இருந்தது. என் கணக்கில் மஞ்சுளா என்ற வரி தானாக அழிந்துகொண்டிருந்தது.

மாற்றணி மறுபடி கூடியது. குகன் அண்ணை தன் கால் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். புவனேஸ் அக்காதான் தொடங்கினா.

"இந்தப் பொடியன் நிண்டால் நான் வரமாட்டன். தில்லையருக்கும் போடமாட்டன். படுத்து நித்திரை கொள்ளுவன்."

"அப்ப ஆரை நிப்பாட்டுறது?" என்று குகன் அண்ணை கேட்டார்.

"ஏன், வீட்டுக்குள்ளை வச்சுக்கொண்டு வெளியிலை தேடுறியள்? மஞ்சுளாவை நிப்பாட்டுங்கோ. நான் நடந்தெண்டாலும் வாறன்."

"பொம்பிளைப் பிள்ளை, அக்கா."

"இஞ்சை உழைச்சு ஊருக்கு அனுப்புறதிலை முக்கால்வாசி ஆர்? பொம்பிளையள்தானே. உம்மடை பெர்மெஸ்ஸோவுக்கு ஆர் வந்தது? இவள்தானே?"

தேத்தண்ணீர்த் தட்டோடு வந்த மஞ்சுளா அதைக் கீழே வைத்தாள். முதல் தடவையாக என்னை நேராகப் பார்த்தாள்.

"நான் நிக்கிறன். ஆனால் வேட்பாளர் மாறின செய்தியை இவர்தான் போய்ச் சொல்லவேணும். சனத்தை நித்திரையாலை எழுப்பினது இவர்தானே."

எல்லோரும் சிரித்தார்கள். நான் ஓம் என்று தலையாட்டினேன். வேறு என்னத்தை ஆட்டுவது.

அப்படியே என்னை அனுப்ப அவளுக்குப் பயம். குசினிக் கதவைச் சாத்திவிட்டு என்னை வெளியில் நிற்கச் சொன்னாள். கதவில் தட்டினேன்.

"கி ஏ?" என்றாள் உள்ளேயிருந்து, அசல் சிஞோரா போல.

"அன்பார்ந்த..."

"இல்லை. முதல் வணக்கம் சொல்லுங்கோ, இத்தாலியனிலை. பிறகு நீங்கள் ஆரெண்டு சொல்லுங்கோ. பிறகு புவனேஸ் அக்காவோடை கதைக்கலாமோ எண்டு கேளுங்கோ. கேட்டுப்போட்டு வாயை மூடிக்கொண்டு நில்லுங்கோ."

அந்தக் கதவை நான் எத்தனை தரம் தட்டினேன் என்று தெரியாது. வாயை மூடிக்கொண்டு நிற்கும் பகுதிதான் பிடிபடவில்லை. கடைசியில் சரியாகச் செய்தபோது கதவைத் திறந்து, "இப்ப மனுசர் மாதிரி இருக்கு," என்றாள். வேட்பாளராக இருந்த காலம் முழுக்க எனக்குக் கிடைக்காத சந்தோஷம் அந்த ஒரு வசனத்தில் கிடைத்தது. கூடவே துக்கமும் வந்தது. தலைவர் பதவி போய்விட்டது, இனி இவள் எனக்கு எங்கே கிடைக்கப்போகிறாள்.

இரண்டாம் சுற்றுக்குப் புறப்பட்டேன். அதே கட்டடம், அதே பித்தளைத் தகடு, அதே சிப்பாய்கள். (ஒருவன் என்னைக் கண்டதும் மற்றவனைக் கூப்பிட்டுக் காட்டினான்.) ஒரே ஒரு பொத்தானை, ஒற்றை விரலால் அமத்தினேன். வணக்கம் சொன்னேன், பெயரைச் சொன்னேன், காத்து நின்றேன். புவனேஸ் அக்காவின் குரல் வந்தது.

"இனி என்ன?"

"அக்கா, நான் விலகின வேட்பாளர். மஞ்சுளா நிக்கிறா."

படக்கென்று கதவு திறந்தது. அக்கா படியிறங்கி ஓடி வந்தா. "நீர் சும்மா தலையாட்டினீரெண்டு நினைச்சன். உண்மையாவே விலகிட்டீரோ?" என்று என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டா. எனக்குப் பிள்ளை பிறந்தபோதுகூட யாரும் அப்படிச் சந்தோஷப்படவில்லை. தடை போட்ட நான்காம் மாடிச் சிஞோராவே கோப்பி கொடுத்து அனுப்பினாள்.

எங்கும் இதே கதைதான். 'விலகின வேட்பாளர்' என்றால் கதவு திறந்தது, வடை வந்தது, கேக் வந்தது. ஒரு அண்ணை என் முதுகில் தட்டி, நான் செய்ததிலேயே நல்ல காரியம் இதுதான் என்றார். பகேரியா மொரீஷியஸ்காரர் "பிராவோ" சொல்லி, கழுவாத காரிலேயே ஆட்களை ஏற்றி வருவதாக வாக்குத் தந்தார். தேர்தல் நெருங்க, பஸ்ஸில் சந்திக்கிறவர்கள் என்னிடமே வந்து, வியாழன் எத்தனை மணிக்கு என்று விசாரித்தார்கள்.

அந்த வியாழன் மண்டபத்துக்கு வெளியே தெரு வரைக்கும் சனம். செத்த வீடோ கல்யாண வீடோ என்று பாதிரியார் வந்து கேட்டார். அடித்து வைத்திருந்த வாக்குச் சீட்டுகளில் என் பெயர்தான் இருந்தது. புதிதாக அடிக்க நேரமில்லாததால் நானே குந்தியிருந்து, ஒவ்வொன்றிலும் என் பெயரை வெட்டி மஞ்சுளாவின் பெயரை எழுதினேன். வாக்குப் பெட்டி, நத்தார்ப் பண்டிகைக்கு யாருக்கோ கிடைத்த பனெத்தோனே கேக் தகரம். அது நிரம்பி மூடி பூட்டவில்லை. தில்லையரின் மனைவி, தான் யாருக்குப் போட்டேன் என்று வீட்டில் கேட்கப்படாது என்று வாசலிலேயே சத்தமாகச் சொல்லிவிட்டுத்தான் உள்ளே போனா.

எண்ணி முடித்தபோது தில்லையருக்கு விழுந்தது அவருடைய சீட்டாட்டக் கூட்டாளிகளின் வாக்கு மட்டும். அவர் சாவியை எடுத்து மஞ்சுளாவின் கையில் வைத்தார்.

"எடு பிள்ளை. இது குத்திக் குத்தி என்ரை எல்லாக் காற்சட்டையும் ஓட்டை. ஒருத்தரும் வராததாலைதானே நான் இருந்தனான்."

எனக்கு அவரிடமிருந்து சாவியைப் பறித்தெடுப்போம் என்று கத்தியதை நினைக்க வெட்கமாக இருந்தது. மூலையில் போய், சனம் குந்தியிருந்த கதிரைகளை அடுக்கத் தொடங்கினேன். குகன் அண்ணை பக்கத்தில் வந்து அவரும் ஒரு கதிரையை மடக்கினார்.

"தம்பி, நாலு சனத்துக்கு முன்னாலை கதைக்கக்கூடிய ஆள் வேணுமெண்டு சொன்னனான்."

"ஓம் அண்ணை. எனக்கு விளங்குது."

"உமக்கு ஒண்டும் விளங்கேல்லை. அந்த ஆள் இப்ப எங்கடை வீட்டிலையே இருக்கு. ரண்டு பேர் பேச்சாளரெண்டால் வீடு தாங்காது. பேசாமல் கதிரை அடுக்கிற ஒருத்தன்தான் இனி வேணும். அவளும் அதைத்தான் சொல்லுறாள்."

நான் மண்டபத்தின் மறுபக்கம் பார்த்தேன். சனத்துக்கு நடுவில் சாவியோடு நின்றவள் என்னைப் பார்த்து, வாயில் விரலை வைத்துக் காட்டினாள். நான் வாயை மூடிக்கொண்டு நின்றேன். இந்த முறை அது கஷ்டமாக இருக்கவில்லை.

தமிழ் வகுப்பு திரும்பத் தொடங்கியது. எங்கள் மகளும் பிறகு அங்கேதான் படித்தாள். அவள் தமிழில் சிசிலிக்காரரின் இழுவை கொஞ்சம் உண்டு. நான் சமைக்கப் புறப்பட்டாலோ பாடத் தொடங்கினாலோ, "அம்மா, வேட்பாளரை மாத்துங்கோ," என்று அந்த இழுவையில் கூப்பிடுவாள்.

வீட்டுச் சாவி என்னிடம் இருந்தும் நான் பெரும்பாலும் பாவிப்பதில்லை. வேலை முடிந்து வந்து, மழையென்றாலும் வெயிலென்றாலும், கீழே நின்று எங்கள் சித்தோபோனோவை ஒற்றை விரலால் அமத்துவேன். மேலேயிருந்து மஞ்சுளா "கி ஏ?" என்பாள். பெயரைச் சொன்னால் திறக்கமாட்டாள், புருஷன் என்று சொன்னாலும் திறக்கமாட்டாள். வணக்கம் சொல்லி, "விலகின வேட்பாளர்," என்பேன். அதற்குத் திறக்காத கதவை நான் பலெர்மோவில் இதுவரை காணவில்லை.