பின் சக்கரங்களின் மாண்பு

மானுடம் கண்டறிந்தவற்றுள் தலையாயது சக்கரம் என்பர் சிலர். சக்கரம் சரிவு கண்டால் தானே உருளும். அதில் என்ன மாண்பு? உருள்வதை நிறுத்தும் பொறியே மாண்புடையது. அதனினும் மாண்புடையது, அப்பொறி ஊரார் கண்ணுக்குத் தெரிவது. இப்பேருண்மையைக் கிரேக்க மலையொன்றில், பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளுக்கு மேலே வாழும் எங்கள் சாலைப் பாதுகாப்புக் குழுவே உலகுக்கு உணர்த்திற்று. அக்குழுவின் செயலர் நான். ஞாயிறுதோறும் கோவிலில் வேதாகமச் சங்கீதம் ஓதுபவனும் நானே. ஆதலால் புகழ்பாடுதல் எனக்குக் கைவந்த பணி.

குழுத் தலைவர் பொலிக்ரோனிஸிடம் ஒரு சிறு கார் இருந்தது. அதை ஓட்டுபவர் அவர் மனைவி எவாந்தியா; ஊருக்கு ஒரே செவிலி. நாள்தோறும் நோயாளிகளை ஏற்றிக்கொண்டு பதினான்கு வளைவுகளையும் இறங்கி மருத்துவமனைக்குப் போய் மீள்வார். பொலிக்ரோனிஸ் அக்காரைக் கழுவுவார். பிறகு எதிரே நாற்காலி போட்டு அமர்ந்து பார்ப்பார். உழைப்பு இவ்வாறு இருவருக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டிருந்தது.

காரின் பின் சக்கரங்களில் டிரம் பிரேக்குகள் இருந்தன. இரும்புச் சட்டிக்குள் ஒளிந்து, எவரும் பாராமல் இருபதாண்டுகள் ஊழியம் செய்தவை. மறைவில் நற்செயல் புரிவது துறவிக்கு அழகு. குழுவின் ‘முன்மாதிரி வாகன’த்துக்கு அழகாகுமா? தவக்காலத்தின் முதல் வாரத்தில் தலைவர் மெக்கானிக் சரந்திஸிடம் காரைக் கொண்டு சென்றார். குறிப்பெடுக்க நானும் உடன் சென்றேன்.

“தலைவரே, வண்டிய நிறுத்துறதுல பெரும்பங்கு முன் சக்கரம்தான்,” என்றார் சரந்திஸ். “பின்னாடி டிரம் கல்லு மாதிரி இருக்கு. முன்னாடி பிரேக் பேடுதான் தேஞ்சுபோய்க் கத்துது. அத மாத்துவோம்.”

“முன்னாடி பேடு மாத்தினா யாருக்குய்யா தெரியும்?”

“பதினாலாவது வளைவுல உங்க வீட்டம்மாவுக்குத் தெரியும்.”

“பின்னாடி டிஸ்க் போடு. டிஸ்க்கக் கவ்விப் பிடிக்கிற கேலிப்பர் செக்கச்செவேல்னு இருக்கணும். வீல் ஓட்டை வழியா பாக்குறவனுக்கு வயிறு எரியணும்.”

சரந்திஸ் பெருமூச்சு விட்டார், போட்டார். பழைய இரும்புக் கடையில் கிடைத்த பெரிய கார் ஒன்றின் முன் சக்கர டிஸ்க்குகள் அவை. ஹேண்ட் பிரேக் கம்பியை மாட்டுவதற்கு அவற்றில் இடமே இல்லை. எனவே கம்பி சுருட்டிக் கட்டப்பட்டது; கைப்பிடி மட்டும் தன் இடத்தில் கம்பீரமாக நின்றது.

“இத இழுத்தா சத்தம் வரும், வேற ஒண்ணும் வராது,” என்றார் அவர். “சரிவுல நிறுத்தினா கியர்ல போடுங்க, சக்கரத்துக்குக் கல்லு வைங்க. செயலரே, எழுதிக்கிட்டீங்கல்ல? அப்புறம் என் தலைய உருட்டாதீங்க.”

கழற்றிய டிரம்கள் இரண்டிலும் அவர் சிமெண்டு நிரப்பி, காப்பிக் கடை வாசலில் நிழற்குடை நடும் பீடங்களாக்கினார். அக்குடைகளின் கீழேதான் எங்கள் குழு கூடும்.

அடுத்த கூட்டத்துக்கு எவாந்தியா அழையாமலே வந்தார்.

“ஹேண்ட் பிரேக் இல்ல. முன்னாடி பேடும் இல்ல. நேத்து ஏழாவது வளைவுல, பின்னாடி உக்காந்திருந்த கர்ப்பிணி எனக்கு ஆறுதல் சொல்லிட்டு வர்றா. இதுக்கு உங்க குழு என்ன பண்ணப்போகுது?”

“எவாந்தியா, கேலிப்பரப் பாத்தியா?” என்றார் கணவர்.

“நான் உள்ள உக்காந்து ஓட்டுறேன், பொலிக்ரோனி. எனக்கு அது தெரியாது.”

“அதான் உனக்கு அதோட அருமை புரியல.”

புகாரைக் குழு அலட்சியப்படுத்தவில்லை. நேரில் ஆய்வு செய்ய என்னைப் பணித்தது. நான் கைப்பிடியை மும்முறை இழுத்தேன். மும்முறையும் ‘கிர்ர்க்’ என்றது. ‘ஹேண்ட் பிரேக்கின் ஒலி முழுத் திருப்தி அளிக்கிறது’ என்று பதிவு செய்தேன். சரந்திஸ் சொன்னதை எழுதிய தாள் என் சட்டைப்பையில்தான் இருந்தது. ஆயினும் அது ‘கூட்டத்துக்கு வெளியே கிடைத்த தகவல்.’

மே ஒன்பதாம் நாள் வந்தது. வழிப்போக்கரைக் காக்கும் புனித கிறிஸ்தோபரின் திருநாள். ஊர்க் கார்கள் எல்லாம் கோவில் சரிவின் ஓரமாக வரிசையாக நிற்கும். பாதிரியார் கிரிகோரிஸ் சாமி துளசிக் கொத்தால் தீர்த்தம் தெளிப்பார். எங்கள் ஊருக்கென்று ஒரு வழக்கம் உண்டு. எஞ்சினை அணைத்து, கியரை விடுவித்து, சாவியைப் புனிதரின் தட்டில் வைத்துவிட வேண்டும். அந்நேரம் கார் புனிதருடையது. ஹேண்ட் பிரேக்கை மட்டும் இழுத்து வைப்போம். எங்கள் விசுவாசம் முழுமையானது. எனினும் சரிவு செங்குத்தானது.

முன்மாதிரி வாகனம் எல்லாவற்றுக்கும் மேலே, சாலை நடுவே தனியே நின்றது. எவாந்தியா சக்கரத்தடியில் கல் வைத்திருந்தார். தலைவர் அதைக் காலால் ஓரத்துக்குத் தள்ளினார்; அதன் முனை மட்டும் சக்கரத்தடியில் மாட்டி நின்றது.

“சாமி வர்ற நேரத்துல கல்லா? குழு மானம் போகும்.”

“மானம் போகட்டும், வண்டி நிக்கட்டும்,” என்றார் எவாந்தியா. அதற்குள் தலைவர் கைப்பிடியை இழுத்துவிட்டு, சரிவின் அடியில், காப்பிக் கடைக் குடையின் கீழ் எங்கள் மேசைக்கு வந்து அமர்ந்தார்.

சாமி தீர்த்தம் தெளித்தார். கார் அருள் பெற்றது, பெற்றவுடன் கல்லின் முனையையும் தாண்டிப் புறப்பட்டது. ஓசையின்றி, செங்கேலிப்பர்கள் வெயிலில் சுடர, நேரே எங்களை நோக்கி இறங்கிற்று. எவாந்தியா கதவைப் பற்றிக்கொண்டு பத்தடி ஓடி, முழங்கால் சிராய்க்க விழுந்தார். குழுவினர் நாங்கள் ஐவரும் எழுந்தோமில்லை. எழுவதற்குத் தீர்மானம் ஏதும் இல்லை. மேசைக்கு ஒரு முழம் முன்னே முன் சக்கரம் குடைப் பீடத்தில் ஏறி, இறுகி, நின்றது. சிமெண்டு நிறைந்த பழைய டிரம் ஒரு விரற்கடையும் அசையவில்லை.

அன்று மாலையே அவசரக் கூட்டம். தீர்மானங்கள் ஒருமனதாக நிறைவேறின: கார் நின்றது புனிதரின் அருளாலும் குழுவின் முன்யோசனையாலும், வாகனத்தின் வழியை மறித்த டிரம்கள் உடனே அகற்றப்படும், முன் சக்கர பேடு குறித்து அடுத்த ஆண்டு ஆலோசிக்கப்படும். நேரில் கண்ட சாட்சியாக எவாந்தியாவிடம் கையொப்பம் கேட்டோம். கட்டுப்போட்ட முழங்காலுடன் நின்றபடியே அவர் அனைத்தையும் படித்தார். பேனாவை என்னிடமே திருப்பித் தந்தார்.

“வண்டிய அந்த டிரம் நிறுத்திடுச்சு, செயலரே. உங்கள எது நிறுத்தும்? அத எழுதுங்க, கையெழுத்துப் போடுறேன்.”

அவ்வினாவைப் பதிவு செய்யக் குழு அனுமதி மறுத்தது. மறுப்பை அழகிய கையெழுத்தில் பதிவு செய்தவன் நான். மறுநாள் காலை அவர் இரு நோயாளிகளுடன் மலையிறங்கினார். முதல் வளைவில் முன் சக்கரங்கள் கத்தியது ஊர் முழுதும் கேட்டது. சரந்திஸின் தாள் இன்னும் என் சட்டைப்பையில்தான் இருக்கிறது.