ஓட்டுறவங்க சமைக்கக்கூடாது

ஐரோப்பாவில் கரண்டியைக் கையாலும் தொடுவதில்லை என்று ஷேக் அலாவுதீன் முடிவெடுத்துவிட்டார்.

மலேசியாவில் ஜார்ஜ் டவுனில் அவருக்கு நாசி கண்டார் கடை, சோற்றின் மேல் வகைவகையாகக் குழம்பு ஊற்றித் தரும் சாப்பாட்டுக்கடை. விடியுமுன் அடுப்பைப் பற்ற வைத்தால் இரவு இஷா தொழுகை முடிந்தும் கை ஓயாது. கோழி, மீன் தலை, தால்ச்சா என்று ஊருக்கே ஊற்றி ஊற்றி மனிதருக்கு வலது தோள் ஒரு பக்கமாக இறங்கிப் போயிருந்தது. "அத்தா, அம்மாவக் கூட்டிட்டு எங்கயாச்சும் போய்ட்டு வாங்க, கடையத் தம்பி அக்மல் பாத்துக்குவான்" என்று மகள் ஃபாத்தின் சொன்னாள். அவர் உடனே ஹோட்டல் வேண்டாம், கேம்பர்வேன் எடுப்போம் என்றார். ஹாலந்து, பெல்ஜியம், லக்சம்பர்க். அடுப்பு, பிரிட்ஜ், படுக்கை எல்லாம் வண்டிக்குள்ளேயே.

வீட்டையே உருட்டிக்கொண்டு போவதில் ஒரு சௌகரியம் உண்டு. வீடு என்றால் ஆசியா பீவிதான் சமைப்பாள். கல்யாணமான நாளிலிருந்து அதுதான் வழக்கம். ஊருக்கே ஆக்கிப் போடும் மனிதர், வீட்டில் ஒரு முட்டை பொரித்ததில்லை. அதே வழக்கம் அங்கேயும் தொடரும், தான் காலை நீட்டி உட்கார்ந்து ஆற்றைப் பார்க்கலாம். இதுதான் அவர் போட்ட திட்டம்.

ஃபாத்தின் மடிக்கணினியில் வண்டி தேடிக்கொண்டிருந்தபோது ஆசியா பீவி மெதுவாகக் கேட்டாள்.

"அங்க சோறு யாருங்க ஆக்குறது?"

"வண்டி யாரு ஓட்டுறது, அத மொதல்ல கேளு."

"யாரு?"

"நாந்தான். அங்கெல்லாம் வலது பக்கமா ஓட்டணும். லேசுப்பட்ட வேலையா? அதனால ஓட்டுறவங்க சமைக்கக்கூடாது, சமைக்கிறவங்க ஓட்டக்கூடாது. இதான் ரூல்."

"நடுவுல மாத்த மாட்டீங்கல்ல?"

"நான் என்னிக்கு வாக்கு மாறியிருக்கேன்?"

"சரிலா. ஃபாத்தின், நீயும் கேட்டுக்க."

இத்தனை சுலபமாக அவள் ஒத்துக்கொண்டபோதே மனிதருக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அன்று ராத்திரி குறட்டை விட்டுத் தூங்கினார்.

ஆம்ஸ்டர்டாமுக்கு வெளியே வண்டி வாடகைக்கு விடும் இடத்தில், கவுண்டரில் இருந்த பெண் அவருடைய மலேசிய லைசென்ஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இது கியர் இல்லாத ஆட்டோமேடிக் வண்டிக்கு மட்டும்தானே? உங்களுக்கு வந்திருப்பது கியர் வண்டி."

அலாவுதீன் காலமெல்லாம் மோட்டார் சைக்கிளில் திரிந்தவர். வயசான பிறகுதான் கார் லைசென்ஸ் எடுத்தார். கிளட்ச் மிதிக்கச் சோம்பல்பட்டு, ஆட்டோ மட்டும் ஓட்டும் லைசென்ஸாக எடுத்துக்கொண்டார். "ஆட்டோதான் புக் பண்ணோம், மாத்திக் குடுங்க" என்று இருக்கிற ஆங்கிலத்தையெல்லாம் கூட்டிச் சண்டை போட்டார். சீசன் நேரம், வேறு வண்டி இல்லை என்றாள் அந்தப் பெண்.

ஆசியா பீவி கைப்பையைத் திறந்து தன் லைசென்ஸை எடுத்து வைத்தாள். பக்கத்திலேயே இன்டர்நேஷனல் பெர்மிட்டும் வைத்தாள்.

"நீ எதுக்கு இதெல்லாம் எடுத்த?"

"எதுக்கும் இருக்கட்டும்னுதான்லா."

கடைக்கு வேண்டிய சாமானை ஓட்டை வேனில் கடல் பாலம் தாண்டிப் போய் ஏற்றி வருகிறவளே அவள்தான். கியர் அவளுக்குக் கரண்டி பிடிக்கிற மாதிரி. கொஞ்ச தூரம் ஓட்டியதும் வலது பக்கமும் பழகிவிட்டது. அலாவுதீன் முட்டியைச் சேர்த்து வைத்துக்கொண்டு பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்தார்.

சாயங்காலம் வண்டியை நிறுத்தியதும் அவள் ஸ்டியரிங்கை விட்டு இறங்கி, மடக்கு நாற்காலியை விரித்து, காலை நீட்டினாள்.

"பசிக்குதுங்க."

"ஆசியா, இன்னிக்கு மட்டும்..."

"ரூல் ரூல்தாங்க."

முதல் நாள் ரொட்டியும் சீஸும் கொடுத்துப் பார்த்தார். சாப்பிட்டாள். மறுநாள் அவித்த முட்டை. அதையும் சாப்பிட்டாள். குறை ஒன்றும் சொல்லவில்லை. இவருக்குத்தான் நாக்கு செத்துப் போனது.

லக்சம்பர்க்கில் ஆற்றோரமாக வண்டியை நிறுத்தியிருந்தபோது அவருக்கு ஒரு யோசனை வந்தது. வாயில் வைக்க முடியாதபடி ஒரு தடவை சமைத்துவிட்டால் அவளே கரண்டியைப் பிடுங்கிக்கொள்வாள். வழியில் ஹலால் கடையில் வாங்கிய கோழியில் பாதியை எடுத்தார். வெங்காயத்தைக் கருக்கினார். உப்பை அள்ளிப் போட்டார். மசாலாவைப் பச்சை வாசனை போகுமுன் தண்ணீர் ஊற்றி அமுக்கினார்.

ஆசியா பீவி ஒரு வாய் வைத்தாள். நிதானமாக மென்றாள்.

"நல்லாத்தான் இருக்கு."

அதோடு விடாமல் பக்கத்து வண்டியைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். "கோகுலன் தம்பி, ரமணி, வாங்க. அண்ணன் சமைச்சிருக்காங்க."

பெல்ஜியத்தில் வேலை பார்க்கும் புருஷன் பெண்டாட்டி அவர்கள். சொந்த ஊர் ஜார்ஜ் டவுனிலிருந்து பாலம் தாண்டினால் வரும் புக்கிட் மெர்தாஜாம். மத்தியானம் ஆசியா பீவியின் பேச்சில் வந்த மலேசிய 'லா'வைக் கேட்டு ஓடி வந்து பழகியவர்கள். இப்போது தட்டோடு வந்து நின்றார்கள்.

"அண்ணே, உங்க கடை கியூல எத்தன வாட்டி நின்னுருக்கேன் தெரியுமா?" கோகுலன் போனை எடுத்தான். "ஒரு படம் புடிச்சு எங்க ஊர் குரூப்புல போட்டுர்றேன்."

அலாவுதீனுக்கு வியர்த்துவிட்டது. அவருடைய அத்தா காலத்திலிருந்து காப்பாற்றி வந்த பெயர். பாலத்துக்கு அந்தப் பக்கம் முழுக்க இன்றைக்கே நாறிவிடும். சட்டியை இரண்டு கையாலும் தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

"தம்பி, இது இன்னும் ஆகல. செத்த நேரம் பொறுங்க."

முழுவதையும் கொட்டினார். சட்டியைக் கழுவி, மீதிக் கோழியை எடுத்தார். அப்புறம் கை தன்பாட்டுக்கு வேலை செய்தது. வெங்காயம் சிவந்து, மசாலா எண்ணெய் கக்கியபோது சுற்றியிருந்த வண்டிகளிலிருந்து தலைகள் எட்டிப் பார்த்தன. எல்லாரும் விரலைச் சூப்பிச் சாப்பிட்டார்கள். ஆசியா பீவி மறுசோறு வாங்கினாள்.

அவர்கள் போனதும் அலாவுதீன் ஃபாத்தினுக்கு போன் போட்டார். "அந்தக் கம்பெனிக்காரன நல்லா கேளும்மா. ஆட்டோ புக் பண்ணா கியர் வண்டியத் தலையில கட்டிட்டான்."

"அவங்க தப்பு இல்லத்தா. ஆட்டோதான் புக் பண்ணேன். மறுநாளே அம்மா மாத்தச் சொன்னாங்க. உங்ககிட்ட சொல்லிட்டுத்தான் சொல்றாங்கன்னு நெனச்சேன்."

அவர் மெதுவாகத் திரும்பினார்.

"வேணும்னே செஞ்சியா?"

"வேணும்னேதான்." ஆசியா பீவி நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. "ஊரே உங்க கையால சாப்புடுது. நான் ஒரு நாள் ஆசப்பட்டுக் கடைக்கு வந்தா, கியூல நில்லுன்னீங்க. எனக்கு எவ்வளவு வருத்தம் தெரியுமா? எனக்குன்னு நீங்க ஒரு நாள் ஆக்கிப் போடணும்னு இருந்துச்சு. அதான்."

அலாவுதீனுக்கு வெட்கமாக இருந்தது. ஆற்றைப் பார்த்தார். இந்தப் பயணத்தில் அவர் ஆற்றைப் பார்த்தது அப்போதுதான்.

"ருசியா இருந்துச்சா?"

"இருந்துச்சுங்க. சரி, நின்னுக்கிட்டே இருக்காதீங்க. காலையில கோகுலன் தம்பிக்கும் ரமணிக்கும் ரொட்டி சானாய்னு சொல்லிட்டேன். மாவு இப்பவே பெசஞ்சு ஊற வெச்சாத்தான் பரோட்டாவுக்கு மாதிரி இழுத்து வீச வரும்."

"மாவு எங்க வெச்சிருக்க?" என்றார் அலாவுதீன்.