நாலு மாத லென்ஸ்

சாவு வீட்டுப் பந்தலுக்குள் கால் வைக்கும்போதே வளவனின் வலது கண் எரிய ஆரம்பித்துவிட்டது. பெரியப்பா கண்ணுசாமி ஐஸ் பெட்டிக்குள் கிடந்தார். அவரைப் பார்த்துக் கண் எரியவில்லை. கண்ணுக்குள் இருந்த கான்டாக்ட் லென்ஸால் எரிந்தது.

மாதம் ஒரு முறை மாற்ற வேண்டிய லென்ஸ். தஞ்சாவூர்க் கண்ணாடிக் கடையில் மதிவதனி என்ற பெண் படித்துப் படித்துச் சொல்லித்தான் கொடுத்தாள்.

“நல்லாத்தான் தெரியுதுன்னு விட்டுடாதீங்க சார். கண்ணு செவந்தா உடனே கழட்டிடுங்க. கருவிழியில புண்ணு வந்தா பார்வையே போயிடும்.”

வளவன் தலையாட்டினான். அதோடு சரி. நாலு மாதமாக அதே ஜோடியை ஓட்டிக்கொண்டிருந்தான். பைக் ஷோரூமில் வேலை, பெண் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், மூக்கில் கண்ணாடி ஏறினால் வயசு கூடுதலாகத் தெரியும் என்ற கவலை வேறு.

கழற்றிவிடலாம் என்று விரலைக் கண்ணருகே கொண்டுபோனான். சித்தப்பா முறையான வீரையன் மைக்கும் கையுமாக ஓடிவந்து மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். ஊரில் எந்தச் சாவுக்கும் முன்னால் நிற்பவர் அவர்தான்.

“கண்ணக் கசக்காத தம்பி. போனவரு திரும்பியா வரப் போறாரு?”

“இல்ல சித்தப்பா, கண்ணுல...”

“தெரியுதுப்பா. பெரியப்பா மேல இம்புட்டு உசுரா ஒனக்கு?”

உயிராம்! மடையை அடைத்து அடைத்தே வளவனின் அப்பாவை விவசாயத்தை விட்டு ஓடவைத்தவர் கண்ணுசாமி. வாய்க்கால் நிறையத் தண்ணீர் போகும்போது, கூடப்பிறந்த தம்பியின் குறுவை கருகுவதை வரப்பில் நின்று வேடிக்கை பார்த்த புண்ணியவான். அந்த ஆளுக்காகத் தன் கண்ணில் தண்ணீர் போகிறது என்று ஊர் நினைப்பதை வளவனால் தாங்க முடியவில்லை.

பந்தல் ஓரத்து பிளாஸ்டிக் டிரம்மில் தண்ணீர் மொண்டு முகத்தைக் கழுவினான். லென்ஸில் பச்சைத் தண்ணீர் படக் கூடாது என்று மதிவதனி சொன்னது, கழுவி முடித்த பிறகு ஞாபகம் வந்தது. இப்போது இடது கண்ணும் சேர்ந்துகொண்டது. இரண்டும் போட்டி போட்டுக்கொண்டு கொட்டின.

பெண்கள் கூட்டத்தில் முதல் ஆளாகப் பாடிக்கொண்டிருந்த நாகம்மாள் ஒப்பாரியைப் பாதியில் நிறுத்தினாள்.

“பாருங்கடி, மூஞ்சியக் கழுவியும் அடங்கல. பெத்த மவன் பெங்களூர்லேர்ந்து வந்து கல்லு மாதிரி நிக்கிறான். தம்பி மவன் உருகுறான்!”

ஐஸ் பெட்டியின் தலைமாட்டில் பெரியம்மா அம்சவல்லி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். விடிந்ததிலிருந்து அந்த முந்தானை இறங்கவில்லை. “பாவம், அழுது அழுது கண்ணீரே வத்திப்போச்சு” என்று பெண்கள் உச்சுக்கொட்டினார்கள்.

நாகம்மாள் சொன்னதைக் கேட்டு முந்தானை சற்று விலகியது. அம்சவல்லி வளவனின் கண்களை உற்றுப் பார்த்தாள். அவள் புருவத்தின் மேல் ஒரு பழைய தழும்பு. கேட்டால் நிலைப்படி இடித்தது என்பாள். அந்த நிலைப்படி அவளைத் தவிர வேறு யாரையும் இடித்ததில்லை. முந்தானை மறுபடி மூடிக்கொண்டது.

வளவன் ஐஸ் பெட்டி கொண்டுவந்த டிரைவரிடம் கூலிங்கிளாஸைக் கெஞ்சி வாங்கி மாட்டினான்.

“அழுவுறது தெரியக் கூடாதுன்னு மறைக்கிறான் பாரு. ஆம்பளப் புள்ளைக்கு எவ்ளோ ரோஷம்!” என்றார்கள் பெண்கள்.

அவன் மதிப்பு இன்னும் ஒரு படி ஏறியது. பெற்ற மகன் செந்தில்குமாருக்கு அது பொறுக்கவில்லை. வளவனை டிராக்டர் கொட்டகைக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு போனான்.

“டேய், என்னடா நாடகம்? வடக்கு வயல ஒம் பேர்ல எழுதிட்டாரா?”

“சத்தியமா இல்லண்ணே. இது லென்ஸு...”

“சொந்தப் புள்ள, எனக்கே வரல. ஒனக்கு எங்கேர்ந்துடா வருது?”

சொல்லிவிட்டு நேரே பந்தலுக்குப் போன செந்தில்குமார், “அப்பா!” என்று அலறிக்கொண்டு ஐஸ் பெட்டி மேல் விழுந்தான். விழுந்த வேகத்தில் பிளக் பிடுங்கிக்கொண்டு வந்தது. நாலு பேர் அதைச் சொருக ஓடினார்கள்.

“இவன் கத்துறான். அவன்தான்டி அழுவுறான்” என்று நாகம்மாள் தீர்ப்புச் சொன்னாள்.

எரிச்சல் இப்போது ஊசி குத்துவதுபோல் ஆகியிருந்தது. எதிரில் இருப்பவர்கள் புகைக்குள் நிற்பதுபோல் தெரிந்தார்கள். வளவனுக்குப் பயம் வந்துவிட்டது. வீரையனின் கையைப் பிடித்தான்.

“சித்தப்பா, என்னை விட்டுடுங்க. நான் கண் டாக்டர்கிட்ட போவணும். இப்பிடியே விட்டா கண்ணே போயிடும்.”

வீரையன் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மைக்கை எடுத்தார்.

“பெரியப்பாவப் பாத்த கண்ணு இனிமே எதையும் பாக்க வேணாம்னு தம்பி வளவன் சொல்றாப்ல!”

பந்தலே குலுங்கி அழுதது. அப்புறம் அவனை யார் விடுவார்கள்? பிணத்தைக் குளிப்பாட்டத் தண்ணீர் எடுத்துவரும் நீர்மாலைக்கு முன்னால் நடக்கவைத்தார்கள். பாடைக்கு முன்பக்கம் தோள் கொடுக்கவைத்தார்கள். கண் பக்கம் விரலைத் தூக்கும்போதெல்லாம் யாராவது ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டு ஆறுதல் சொன்னார்கள். சுடுகாட்டுப் புகை மிச்சத்தையும் பார்த்துக்கொண்டது.

பொழுது சாயும் நேரத்தில் சாவு வீட்டுக்குத் திரும்பியபோது, எதிரே வருவது ஆளா மாடா என்று அவனுக்குத் தெரியவில்லை. கொல்லைக் குழாயடியில் நல்லவேளையாக ஒருவரும் இல்லை. கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, இரண்டு லென்ஸையும் ஒருவழியாகக் கழற்றினான். உள்ளங்கையில் பழுப்பேறிக் கிடந்தன. தஞ்சாவூர் பஸ் எது என்று யாரையாவது கேட்டு ஏறிக்கொள்ளலாம், முதலில் இந்தச் சனியனைச் சாக்கடையில் வீச வேண்டும் என்று கையை ஓங்கினான்.

பின்னால் யாரோ நிற்பது தெரிந்தது.

“யாரு?”

“நாந்தாய்யா, பெரியம்மா.”

நாள் முழுக்க வாங்கிய பாராட்டெல்லாம் வளவனை உறுத்தியது. இவளிடமாவது உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது.

“பெரியம்மா, என்னை மன்னிச்சிடுங்க. நான் அழுவவே இல்ல. கண்ணுக்குள்ள போடுற இந்த லென்ஸ மாசா மாசம் மாத்தணும். நாலு மாசமா மாத்தாம விட்டுட்டேன். அதான் கண்ணு தானா கொட்டுச்சு. அவருக்காக ஒரு சொட்டுகூட இல்ல.”

லென்ஸ் இல்லாத கண்ணுக்கு அவள் முகம் பிடிபடவில்லை. கன்னத்தில் ஓர் அறை விழும் என்று காத்திருந்தான்.

அம்சவல்லி வாசல் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். பிறகு அவன் முன்னால் உள்ளங்கையை நீட்டினாள்.

“தூக்கிப் போடாதய்யா, அத எனக்குக் குடு. பதினாறாம் நாளு வரைக்கும் ஊரு எம் மூஞ்சியத்தான் பாக்கும். காலையிலேர்ந்து நானும் முக்கி முக்கிப் பாக்குறேன், அந்த மனுசனுக்கு ஒரு சொட்டு வரமாட்டேங்குது.”