உருளைக்கிழங்குத் தோட்டத்தில் சூசையப்பர்

இயேசு மரி சூசை துணை
(இதில் மூன்றாமவரைப் பற்றியதுதான் இந்தக் கடிதம்.)

ஹெர்பாக் கிராமம், மினசோட்டா
தவக்காலம், சனிக்கிழமை

மடத்தில் வாழும் மூத்த சகோதரி, அருட்சகோதரி க்ளோட்டில்டா அவர்களுக்குத் தம்பி அலோய்ஸ் பணிவுடன் எழுதுவது. இங்கே நான், மார்லீன், பசுக்கள் எல்லோரும் நலம். அங்கே உங்கள் முழங்காலின் நலம் அறிய ஆவல். நலம் என்று எழுதியது வழக்கத்துக்காக. உண்மையில் நான் நலமாக இல்லை.

அக்கா, நம் கோயிலை விற்கப் போகிறார்கள். மினியாபொலிஸ்காரர் ஒருவர் பார்க்க வருகிறார், பிடித்தால் வாங்கிக் கல்யாண மண்டபமாக்குவாராம். நாளைக்கு நான் கல்லறையில் அப்பா அம்மா பக்கத்தில் போய்ப் படுத்தால், சுவருக்கு அந்தப் பக்கம் டிரம்ஸ் அடிப்பார்கள். எனக்குத் தாங்கவில்லை.

இந்தப் பங்கின் வரலாறு, விற்கச் சொல்லும் ஆயருக்குத் தெரியுமா? நம் முன்னோர்கள் மாடுகளின் பாதுகாவலர் புனித வெண்டலினுக்குத்தான் கோயில் கட்டினார்கள். அவர் சுரூபம் கேட்டு எழுதினால், ரயிலில் வந்த பெட்டிக்குள் சூசையப்பர் சிலையாக நிற்கிறார்! திருப்பியனுப்ப மனசு வராமல், மரத்தில் ஒரு கன்றுக்குட்டி செய்து அவர் காலடியில் நிறுத்தி, "இனிமே மாட்டையும் நீரே பாத்துக்கும்" என்று சொல்லிவிட்டார்கள். அவரும் மறுபேச்சில்லாமல் பார்த்துக்கொண்டார். பிறகு வெண்டலினும் வந்து சேர்ந்தார். கன்றைக் கொடுக்கச் சூசையப்பர் கட்சி சம்மதிக்கவில்லை. அந்தச் சண்டையில் இரண்டு குடும்பங்கள் இன்றைக்கும் ஒரே பெஞ்சில் உட்காருவதில்லை. இப்படிப்பட்ட கோயிலையா விற்பது?

நேற்று வெள்ளிக்கிழமை மீன் விருந்தில், பாடகர் குழு லொரெய்ன் சும்மா இருந்தாளா? "சாமி, வீடு விக்கலேன்னா அந்த வீட்டு மண்ணுல சூசையப்பரத் தலைகீழாப் புதைப்போமே, அதச் செஞ்சு பாத்தீங்களா?" என்று கேட்டுவிட்டாள். பங்குச்சாமியார் டோபின், "அட, நம்மகிட்ட நாலடிச் சூசையப்பரே இருக்காரே! நாளைக்கே கோயில் வாசல்ல குழி தோண்டிருவோம்" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நான் மீனைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன். இங்கே எல்லோரும் செய்வதுதானே, பலிக்காமல் போனதாக நான் கேள்விப்பட்டதே இல்லை.

எல்லோரும் இரண்டாவது தட்டுக்கு வரிசையில் நின்றபோது, சூசையப்பரையும் கன்றையும் தள்ளுவண்டியில் ஏற்றி, ரோட்டுக்கு எதிரே நம் தோட்டத்துக்குத் தள்ளிக்கொண்டு வந்தேன். ஒளித்து வைக்கத்தான் அக்கா, புதைக்க இல்லை. உருளைக்கிழங்குப் பள்ளத்தருகே வண்டி சேற்றில் சரிந்தது. கன்று இந்தப் பக்கம் விழுந்தது, அவர் தலைகுப்புறக் கணுக்கால்வரை பள்ளத்துச் சேற்றுக்குள் இறங்கிவிட்டார். இழுத்தேன், வரவில்லை. விடிந்து பார்த்தால் மண் கல்லாக உறைந்து கிடக்கிறது. வெளியே தெரிகிற பாதங்களைப் பால் வாளி கவிழ்த்து மூடியிருக்கிறேன். கன்று சமையலறையில் இருக்கிறது. மார்லீன் அதைப் பார்த்துவிட்டு, "தூக்கிட்டு வந்தது ஒரு பாவம், தலைகீழா நிக்க வச்சது இன்னொரு பாவம். பாவசங்கீர்த்தனத்துல யார்கிட்ட போய்ச் சொல்லுவீங்க? அதே சாமியார்கிட்டதானே!" என்கிறாள்.

ஆயருக்குச் சின்ன வயதில் ஞானோபதேசம் சொல்லிக்கொடுத்தது நீங்கள்தானே. உங்களுக்கு இன்னும் பயப்படுவார். "கோயிலை விற்காதே" என்று ஒரு வரி எழுதிப் போடுங்கள். நான் பிறந்த மண்ணைவிட்டு ஒரு அடி நகர மாட்டேன், இது சத்தியம்.

மடத்துச் சகோதரிகள் அனைவருக்கும் எங்கள் வணக்கம். எனக்காக வேண்டிக்கொள்ளுங்கள், சூசையப்பரிடம் மட்டும் வேண்டாம், அவர் இப்போது பேசும் நிலையில் இல்லை.

கீழ்ப்படிதலுள்ள தம்பி,
அலோய்ஸ்

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் மினியாபொலிஸ்காரர் வந்துவிட்டார். கோயில் வேண்டாமாம், தூண்களுக்கு நடுவில் நடனமாட இடம் போதாதாம். ஆனால் நம் வைக்கோல் கொட்டகையைப் பார்த்து, "கல்யாணத்துக்கு இதாங்க இடம்! தோட்டத்தோட குடுக்கிறீங்களா?" என்றார். அரிசோனாவில் மகள் வீட்டருகே குடியிருக்க வேண்டுமென்று பல வருடமாக என்னை நச்சரிக்கும் மார்லீன், நான் வாய் திறப்பதற்குள் "குடுக்கிறோம்" என்றுவிட்டாள். ஆயருக்கு எழுத வேண்டாம் அக்கா. கோயில் அங்கேயே இருக்கும், நான்தான் போகிறேன். சூசையப்பர் மேல் ஒரு குற்றமும் இல்லை. எந்த மண்ணில் புதைத்தேனோ, அதைத்தான் விற்றுக்கொடுத்தார்.