தொப்பையிலிருந்து முட்டிக்கு

இனி இந்த ஜென்மத்தில் தண்ணீர் கேனைத் தூக்கிக்கொண்டு மூன்று மாடி ஏறுவதில்லை என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை முடிவு செய்தேன். எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் உண்டு. அதற்குள் வீட்டுச் சொந்தக்காரர் உடைந்த நாற்காலிகளை அடுக்கி வைத்திருக்கிறார்.

முடிவு செய்தால் போதுமா? மனைவி ஒப்புக்கொள்ள வேண்டாமா? மறுநாள் காலை கட்டிலிலிருந்து இறங்கும்போதே முட்டியைப் பிடித்துக்கொண்டு முனகினேன்.

"என்னங்க ஆச்சு?"

"முட்டி. தேஞ்சு போச்சு போல."

"கண்ணாடிக் கடையில நாள் பூரா உட்கார்ந்துதானே லென்ஸ் தேய்க்கிறீங்க? முட்டி எப்படித் தேஞ்சுது?"

"தேய்க்கிறவன் எப்படியும் தேய்வான்."

அவள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். விடை தப்பு என்று முகத்தைப் பார்த்தே கண்டுபிடிப்பவள். ஆனால் அன்று என் விடையைத் திருத்தவில்லை. கேனை அவளே தூக்கினாள். காய்கறிப் பையும் குப்பைக் கூடையும் அவளோடு ஏறி இறங்கின. நான் சோபாவில் காலை நீட்டி வலியை அனுபவித்தேன். அப்படியொரு சுகமான வலியை நான் கண்டதில்லை.

சில வாரம் கழித்து ஒரு சாயங்காலம் சொன்னாள்.

"பெரிய ஆஸ்பத்திரியில ஸ்டெம் செல் ஆராய்ச்சி நடக்குது. முட்டி வலிக்காரங்களுக்கு. சனிக்கிழமை போறோம்."

எனக்குத் தெரிந்த செல் இரண்டுதான். ஒன்று காதில் வைப்பது. இன்னொன்று கதவை அரிப்பது.

"அதை ஏன் முட்டிக்குள்ள விடணும்?"

"இது நம்ம உடம்புல இருக்கிற செல். தொப்பைக் கொழுப்புலேருந்து பிரிச்சு எடுத்து, முட்டியில ஊசியா போடுவாங்க. பலன் இருக்கும்னு உறுதி இல்லையாம். சோதனைதான்."

"கொழுப்புக்கு நான் எங்க போவேன்?"

என் சட்டைப் பொத்தான்கள் படும் பாட்டைப் பார்த்தாள்.

சனிக்கிழமை, "உங்களுக்கு நேரமாகும், நான் எங்கேயாவது உட்கார்ந்திருக்கேன்" என்று என்னை உள்ளே அனுப்பிவிட்டுப் போய்விட்டாள். டாக்டர் என் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்தார்.

"சார், இந்த முட்டியை வச்சுக்கிட்டு மலையே ஏறலாம். எங்க ஆராய்ச்சிக்கு நீங்க லாயக்கில்லை."

"இதை என் மனைவிகிட்ட மட்டும்..."

"ஒருத்தர் விஷயத்தை இன்னொருத்தர்கிட்ட சொல்ற வழக்கம் எங்களுக்கு இல்லை," என்றார். சிரித்த மாதிரி இருந்தது.

மத்தியானம் வரை கேன்டீனில் கேக் தின்றேன். கீழே மருந்துக் கடையில் பிளாஸ்திரி வாங்கித் தொப்பையில் ஒட்டிக்கொண்டேன். திரும்பி வந்தபோது அவள் வராந்தா பெஞ்சில் களைத்துப் போய் உட்கார்ந்திருந்தாள். பாவம், என்னை நினைத்துக் கவலை என்று எண்ணிக்கொண்டேன்.

"போட்டாச்சா?"

"போட்டாச்சு. படியே ஏறக் கூடாதாம்."

"அப்படியா? எனக்கு வேற மாதிரி சொன்னாங்களே. செல்லுக்கு ரொம்பச் செல்லம் குடுக்கக் கூடாதாம். இத்தனை வருஷம் தொப்பையில சும்மா கிடந்தது இல்லையா? முட்டிக்கு வந்துட்டோம்னு அதுக்குப் புரியணுமாம். படி ஏறினாத்தான் புரியும்."

போடாத ஊசிக்குப் பத்தியம் தெரியாது என்று சொல்லவா?

அன்றே கேன் என் தோளுக்கு வந்தது. அடுத்து காய்கறிப் பை. அப்புறம் குப்பைக் கூடை. நின்றுகொண்டே பாத்திரம் தேய்த்தால் செல் வேர் பிடிக்குமாம். குனிந்து தரை துடைத்தால் கிளை விடுமாம். அவள் சோபாவில் காலை நீட்டி என் செல்களை மேற்பார்வை பார்த்தாள்.

மாதம் ஒன்று போனது. தாங்க முடியாமல் துடைப்பத்தைக் கீழே போட்டேன்.

"இத பாரு. எனக்கு யாரும் ஊசி போடல. முட்டியும் வலிக்கல. போதுமா?"

"தெரியும்."

"டாக்டர் சொல்லிட்டாரா?"

"அவர் எதுக்கு சொல்லணும்? வலது முட்டின்னு ஆரம்பிச்சீங்க. ரெண்டாவது வாரம் இடது காலைத் தாங்கித் தாங்கி நடந்தீங்க."

"அப்புறம் ஏன் ஆஸ்பத்திரிக்கு இழுத்துட்டுப் போன?"

"அன்னிக்கு ஊசி எனக்கு. முன்னாடியே போய் சோதனையெல்லாம் முடிச்சுட்டு வந்தேன். துணைக்கு ஆள் வேணும்னாங்க."

அவள் படியில் கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து ஏறியதெல்லாம் இப்போதுதான் கண்ணுக்குத் தெரிந்தது.

"உனக்கு வலியா? சொல்லவே இல்லையே."

"நாள் பூரா நின்னு பாடம் நடத்தறேன், வலிக்காதா? சொல்லலாம்னுதான் இருந்தேன். அதுக்குள்ள நீங்க முந்திக்கிட்டீங்க. ஒரு வீட்டுல ஒரு நேரத்துல ஒருத்தர்தானே முனக முடியும்?"

துடைப்பத்தைக் குனிந்து எடுத்தேன். கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

"இப்ப எப்படி இருக்கு?"

"ரொம்பத் தேவலை. ஆனா டாக்டருக்கு ஒரு குழப்பம். செல்லால குறைஞ்சுதா, நீங்க வேலை செஞ்சதால குறைஞ்சுதான்னு தெரியலையாம். அதனால ஆராய்ச்சி முடியற வரைக்கும் நீங்க எதையும் நிறுத்தக் கூடாதாம்."

"எப்ப முடியுமாம்?"

"அதைத்தான் ஆராய்ச்சி பண்ணிட்டிருக்காங்க."