வேலியோரத்து வைத்தியர்

மாடு வளர்ப்பவர்களில் பல வகை உண்டு. இன்று நான் உங்களுக்குக் காட்டப்போவது மாடே வளர்க்காத வகை. பெயர், வேலியோரத்து வைத்தியர். கண்டுபிடிப்பது ரொம்பச் சுலபம்: எந்தத் தொழுவத்தில் மாடு முனகினாலும் சொந்தக்காரருக்கு முன்னால் வந்து, வேலிக் கட்டைமேல் இரண்டு முழங்கைகளையும் ஊன்றி, ஒரு காலை மறுகால்மேல் மாற்றிப் போட்டு நிற்கிறாரே, அவர்தான். முப்பது வருஷத்துக்கு முன்னால் அவரிடம் இரண்டு பசுக்கள் இருந்தன. அவர் பேச்சில் அவை இன்றும் ஈன்றுகொண்டிருக்கின்றன.

ஆட்டின் வாயைத் திறக்காமலே வயசு சொல்வார். சாணத்தைத் தள்ளி நின்று பார்த்தே தீவனத்தில் என்ன குறை என்பார். "நாங்க பார்க்காத மாடா?" என்று ஆரம்பிப்பார். "நான் அப்பவே சொன்னேனே" என்று முடிப்பார். நடுவில் என்ன நடந்தாலும் சரி.

போன வாரம் அவருடைய தம்பி மகளின் கிடாரிக்கு முதல் ஈற்று. அவளுக்கு இருப்பது அந்த ஒரே மாடு. அதை நம்பித்தான் பார்த்துக்கொண்டிருந்த வேலையை விட்டாள். பனிக்குடம் உடைந்து ஒரு மணி நேரமாகியும் வெளியே தெரிந்தது ஒரு குளம்பும் மூக்கு நுனியும்தான். மாட்டு டாக்டருக்குப் போன் போட்டாள். வந்து சேர இன்னும் ஒன்றரை மணி நேரமாகும் என்றார்.

வைத்தியர் சும்மா இருப்பாரா? கயிற்றைக் கட்டி இழு என்றார். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. முழங்கைக்கு மேலே சோப்புப் போட்டுக் கழுவி, மாடு முக்குவதை நிறுத்தும் நேரம் பார்த்து, கன்றை மெல்ல உள்ளே தள்ளினாள். வெளியே வருவதை உள்ளே தள்ளுகிறாளே, இப்படியும் ஒரு கூத்து உண்டா என்று அவர் கூடி நின்ற எங்களைப் பார்த்துச் சிரித்தார். நாங்களும் சிரித்தோம்.

"பெரியப்பா, ஒரு வாளி வெந்நீர் எடுத்துட்டு வாங்க" என்றாள் அவள், திரும்பாமலே.

வெந்நீர் எந்தச் சூட்டில் இருக்க வேண்டும், தன் பசுக்களுக்கு எப்படிக் காய்ச்சினார், இந்தக் காலத்துப் பிள்ளைகள் எப்படிக் கெடுக்கிறார்கள் என்று எல்லாம் விளக்கினார். வெந்நீர் மட்டும் வரவில்லை.

இன்னொரு முன்னங்கால் உள்ளே மடங்கிக் கிடந்தது. அப்படியே இழுத்திருந்தால் கன்றும் போயிருக்கும், தாயும் தப்பியிருக்காது. அவள் தடவித் தேடி, குளம்பு கருப்பையைக் கிழித்துவிடாதபடி உள்ளங்கையில் பொத்தி, அந்தக் காலை முன்னால் கொண்டுவந்தாள். பிறகு மாடு முக்க முக்க இழுத்தாள். கன்று விழுந்தது. மூச்சில்லை. வேலியோரம் முதல்முறையாக வாயை மூடியது. அவள் அதன் மூக்கைத் துடைத்து, ஒரு வைக்கோலை நாசியில் விட்டுக் கிளறினாள். ஒரு தும்மல். எனக்குக் கண் கலங்கிவிட்டது, மறைப்பானேன்.

"நான் அப்பவே சொன்னேனே, கால் மடங்கியிருக்கும்னு."

அவள் தானே போய் வெந்நீர் எடுத்து வந்து கை கழுவினாள்.

சிரிக்கிறீர்களா? தாராளமாக. நான் எங்கே நின்றேன் என்று மட்டும் கேட்காதீர்கள். அவருக்கு இடப்பக்கம், அதே கட்டையில், கை நனையாமல். வலப்பக்கம் இன்னொருவர் நின்றார். கயிற்றைக் கட்டி இழு என்று வைத்தியர் சொன்னபோது, 'அதானே, இழுக்க வேண்டியதுதானே' என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டவர். அவர் முகத்தை நான் சரியாகப் பார்க்கவில்லை. எதற்கும் உங்கள் கையை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். காய்ந்துதானே இருக்கிறது?