துளசியின் கறுப்பு வெள்ளைப் படமும் என் உயிரும்

தானா ராத்தா,
செவ்வாய்க்கிழமை.

பெருமதிப்பிற்குரிய மச்சான் குணாளன் அவர்களுக்கு,

ஈப்போவில் நீங்களும் சசிரேகா அக்காவும் நலமாக இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். நான் நலம், முக்கியமாக உயிரோடு இருக்கிறேன். யாராவது வேறு மாதிரி சொன்னால் நம்ப வேண்டாம். வாட்சப்பில் எழுதினால் உங்கள் தங்கை பார்த்துவிடுவாள் என்பதால் தபாலில் எழுதுகிறேன்.

துளசி படம்பிடிக்கும் சங்கத்தில் சேர்ந்தது உங்களுக்குத் தெரியும். போன வாரம் தன்னைத்தானே எடுக்கிறேன் என்று கேமராவைத் தேயிலைச் சரிவில் முக்காலியில் நிறுத்தி, அளவு பார்க்க முக்கால் மணி நேரம் என்னைச் செடிகளுக்கு நடுவே நிற்க வைத்து, எல்லாம் சரியானதும் “நீங்க போலாம்” என்று அனுப்பிவிட்டாள். பிறகு வீட்டுக்கு வந்து கணினியில் படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கினாள். அதில் சிவப்பு நிறத்தை மட்டும் கூட்டவும் குறைக்கவும் தனியாக ஒரு கோடு இருக்கிறது மச்சான். அதைக் கூட்டினால் முகம் வெளுத்து ஒளிரும். கூட்டினாள், முகம் ஒளிர்ந்தது, கூடவே குங்குமப் பொட்டும் வெளுத்துத் தோலோடு தோலாகக் காணாமல் போனது. பக்கத்து லயத்து அம்மாக்கண்ணு அதைப் பார்த்துவிட்டு, “ஐயோ டீச்சர், சாரு எப்ப போனாரு?” என்று நெஞ்சில் அடித்துக்கொண்டார். நான் அவருக்குப் பின்னாலேயே மீ கோரிங் பொட்டலத்தோடு நின்றுகொண்டிருந்தேன்.

பொட்டை வைத்துவிடு என்றேன். துளசியோ சங்கத் தலைவர் யுவனேஸ்வரனிடம் கருத்துக் கேட்டாள். அவர், “பெர்ஃபெக்ட் லா டீச்சர்! நெத்தியில அந்தக் கறுப்புப் புள்ளி இல்லாததுதான் நல்லது, இப்பதான் பார்வை நேரா கண்ணுக்குப் போவுது” என்றார். அந்தப் புள்ளி நான்தான் என்பது அவருக்குத் தெரியாது. வெள்ளிக்கிழமை டவுனில் கண்காட்சி. கதவளவு பெரிதாக்கி மாட்டப் போகிறார்கள்.

ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இருபத்தாறு வருடமாக இந்த முகத்துக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறேன், இப்படிப் பார்த்ததே இல்லை. கண்ணுக்குக் கீழே அத்தனை கோடுகள், காதோரம் நரை, யாருக்கும் பயப்படாத ஒரு பார்வை. இவளோடா இத்தனை நாள் சமையல் கேஸ் தீர்ந்ததற்கெல்லாம் சண்டை போட்டேன்? நான் இல்லாத வீட்டில் இவள் எப்படி இருப்பாள் என்று முன்கூட்டியே பார்த்த மாதிரி இருந்தது, பயந்துவிட்டேன். அதைவிடப் பெரிய பயம், அவள் நன்றாகவே இருக்கிறாள்.

ஆகவே நீங்கள் அண்ணன் என்ற முறையில் உடனே அவளைப் போனில் அழைத்து, பொட்டைத் திருப்பி வைக்கச் சொல்ல வேண்டும். நான் சொன்னால் எடுபடாது.

உங்கள் இருவரையும் வணங்குகிறேன். பிள்ளைகள் எல்லா வளமும் பெற்று வாழட்டும்.

உங்கள் தங்கையின் வீட்டுக்காரன்,
திருச்செல்வம்

பி.கு.: தபால்தலை தேடப் போன நேரத்தில் துளசி இதைப் படித்துவிட்டாள். நேரே கணினி முன்னால் உட்கார்ந்து சிவப்பைக் குறைத்தாள். பொட்டு வந்தது, நடு நெற்றியில், கறுப்பாக. ஆனால் ஒளி போய், படத்தில் நான் தினமும் பார்க்கிற டீச்சர்தான் இருந்தார். “இப்ப திருப்தியா?” என்றாள். எனக்குத் தாங்கவில்லை மச்சான். “பழையபடியே ஆக்கிடு துளசி” என்றேன்.

“அப்ப பாக்குறவங்க உங்கள என்னான்னு நெனைப்பாங்க?”

“நெனைச்சுட்டுப் போறாங்க. நான் படத்துக்குப் பக்கத்துலயே நிக்கிறேன் லா.”

நீங்கள் அழைக்க வேண்டாம். வெள்ளிக்கிழமை வந்து பாருங்கள்.